ஆயிரம் வேலை... ஒரே வரி!

கல்யாணம் முடிந்த வாரத்தில் போட்டோகிராபர் பென்டிரைவைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். திறந்து பார்த்தால் 1,400 படங்கள். ஒவ்வொன்றும் 8 எம்பி, 10 எம்பி. வரமுடியாமல் போன சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சின்னதாக்க வேண்டும். ஒரு படத்தைத் திறந்து, அளவைக் குறைத்து, சேமித்து, மூட அரை நிமிடம் என்று வையுங்கள். 1,400 படங்களுக்கு 11 மணி 40 நிமிடம். நடுவில் காபி குடிக்க நேரம் சேர்க்கவில்லை!

இதே வேலையை ஒரே வரியில் முடிக்கலாம். நீங்கள் வரியைத் தட்டிவிட்டு எழுந்து போகலாம். கம்ப்யூட்டர் தானே ஒவ்வொரு படமாக எடுத்துச் செய்துகொண்டிருக்கும். ஆனால் அதே ஒரு வரி, தவறாகத் தட்டினால், 1,400 படங்களையும் ஒரு நொடியில் அழித்தும் விடும். 'நிச்சயமா?' என்று கேட்காது. குப்பைத் தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. அதனால் இந்த வாரம் இரண்டு விஷயம்: மொத்தமாக வேலை வாங்குவது எப்படி, மொத்தமாகக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி.

ஷெல் எங்கே இருக்கிறது?

கறுப்புத் திரையில் எழுத்து தட்டுகிற ஒரு ஜன்னலை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அந்த ஜன்னலின் பெயர் டெர்மினல். அதற்குள் உட்கார்ந்து, நாம் தட்டும் வரியைப் படித்து, உரிய புரோகிராமைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறதே, அதன் பெயர் ஷெல். லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் கூடவே வருகிறது. விண்டோஸில் லினக்ஸைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். டெர்மக்ஸ் என்ற ஆப் போட்டால் போனிலேயே பழகிப் பார்க்கலாம்.

இதெல்லாம் தொடங்கியது 1969-ல், அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த பெல் லேப்ஸில். கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கினார்கள். ஒரு புரோகிராமின் விடையை நேராக அடுத்த புரோகிராமுக்குள் ஊற்றும் 'பைப்' வசதி 1973-ல் வந்தது. அந்த யோசனை டக் மெக்கில்ராய் என்பவருடையது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று இணைப்பது மாதிரி புரோகிராம்களை இணைக்க வேண்டும் என்று அவர் 1964-லேயே எழுதி வைத்திருந்தார்.

'பேட்ச்' என்ற சொல் அதற்கும் முந்தையது. அந்தக் காலத்தில் கட்டளைகளை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். அவர் கட்டுக்கட்டாக இயந்திரத்தில் போடுவார். நம் முறை வந்து விடை கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஒரு அட்டையில் பிழை இருந்தால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் கொடுப்பதற்கு முன் கட்டை நன்றாகச் சரிபார்ப்பார்கள். அட்டை போய்விட்டது. சரிபார்க்கும் பழக்கத்தை மட்டும் நாம் விடக்கூடாது.

(கமாண்ட்களின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.)

நட்சத்திரத்தை விரிப்பது யார்?

கீபோர்டில் 8-க்கு மேலே ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. ஷெல்லில் அதற்கு 'எதுவானாலும்' என்று பொருள். 'நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜி' என்று இடைவெளி இல்லாமல் தட்டினால், ஜேபிஜி என்று முடியும் எல்லா ஃபைல்களும் என்று அர்த்தம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குறியை விரித்து ஃபைல் பெயர்களாக மாற்றுவது அழிக்கும் கமாண்டோ, நகர்த்தும் கமாண்டோ அல்ல. ஷெல்தான். அது முதலில் 1,400 பெயர்களையும் வரிசையாக எழுதி, அந்த நீண்ட வரியைத்தான் புரோகிராமிடம் கொடுக்கிறது. நீங்கள் நட்சத்திரம் போட்டதே புரோகிராமுக்குத் தெரியாது.

இதில் ஒரு இடைவெளி என்ன செய்யும் பாருங்கள். அழிக்கும் கமாண்டின் பெயர் 'ஆர்எம்'. ஜேபிஜி ஃபைல்களை மட்டும் அழிக்க நினைத்து, நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டால், ஷெல் அதை இரண்டு பொருளாகப் படிக்கும். முதலாவது 'எல்லா ஃபைல்களும்'. இரண்டாவது, 'புள்ளி ஜேபிஜி' என்ற பெயரில் ஒரு ஃபைல். ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் மொத்தமும் போகும். அதன் பிறகு, 'புள்ளி ஜேபிஜி என்று ஒரு ஃபைல் இல்லையே' என்று அப்பாவியாக ஒரு செய்தி வரும்.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கமாண்டை ஓட்டிவிட்டார்கள். கதாபாத்திரங்களின் ஃபைல்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தன. இயந்திரத்தை உடனே நிறுத்தச் சொல்வதற்குள் படத்தின் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. காப்புப் பிரதி எடுத்து வைத்த டேப்பும் கைகொடுக்கவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் காரில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவது போலப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் மென்பொருளில் இன்னொரு விபத்து. 'ஸ்டீம் இருக்கும் ஃபோல்டருக்குள் உள்ளதையெல்லாம் அழி' என்று அதன் ஸ்கிரிப்டில் ஒரு வரி. ஃபோல்டரின் பெயர் ஒரு மாறியில் இருந்தது. சில சூழ்நிலைகளில் அந்த மாறி காலியாகிவிட்டது. காலியானதும் அந்த வரியின் பொருள், 'கம்ப்யூட்டரின் அடிவேரிலிருந்து எல்லாவற்றையும் அழி' என்று மாறியது. அந்த வரிக்கு மேலேயே, 'பயமாக இருக்கிறது' என்று பொருள்படும் ஒரு குறிப்பை எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பயந்தவர்கள் ஒரு சோதனை வரி சேர்த்திருக்கலாம்.

முதலில் 'எக்கோ'

இதற்கெல்லாம் மருந்து மிகச் சின்னது. 'எக்கோ' என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே அதன் வேலை. நீங்கள் ஓட்ட நினைக்கும் வரிக்கு முன்னால் 'எக்கோ' என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ஷெல் நட்சத்திரத்தை விரித்து, என்ன செய்யப்போகிறதோ அதைத் திரையில் காட்டும். செய்யாது. பட்டியலைக் கண்ணால் பாருங்கள். வேண்டாத பெயர் எட்டிப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியைத் திரும்ப வரவழைத்து, 'எக்கோ'வை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். வரியை மறுபடி புதிதாகத் தட்டாதீர்கள். இரண்டாம் முறை தட்டும்போதுதான் ஸ்பேஸ் புகும்.

ஒரு எச்சரிக்கை. வரியில் விடையை ஃபைலில் எழுதச் சொல்லும் கூர்க்குறி இருந்தால் 'எக்கோ' காப்பாற்றாது. அந்த ஃபைலை ஷெல் முதலிலேயே திறந்து காலி செய்துவிடும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் வேறு வேறு மாதிரி செய்ய வேண்டிய வேலை என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. கமாண்ட்களை ஓட்டாமல், வரிவரியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதவையுங்கள். 1,400 படங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டுமா? 1,400 வரிகள். அதைத் திறந்து தலையில் பத்து வரி, நடுவில் பத்து வரி, கடைசியில் பத்து வரி பாருங்கள். 'டபிள்யூசி மைனஸ் எல்' என்ற கமாண்டால் வரிகளை எண்ணுங்கள். 1,400 இருக்க வேண்டிய இடத்தில் 1,398 என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எல்லாம் சரி என்றால் அந்த ஃபைலை 'எஸ்ஹெச்' என்ற ஷெல்லிடம் கொடுத்து ஓட்டுங்கள். அட்டைக் கட்டைச் சரிபார்த்து ஆபரேட்டரிடம் கொடுத்த அதே முறைதான்.

பெயரில் இருக்கும் பொல்லாப்பு

'அக்கா கல்யாணம்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைப்பீர்கள். நமக்கு அது ஒரு பெயர். ஷெல்லுக்கு 'அக்கா' ஒன்று, 'கல்யாணம்' ஒன்று, ஆக இரண்டு பெயர். நடுவில் இடைவெளி இருக்கிறதே! அதனால் ஒரு மாறிக்குள் பெயரை வைத்துப் பயன்படுத்தும்போது எப்போதும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

தமிழில் பெயர் வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்க இன்று பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையை 1992-ல் உருவாக்கியவர்களில் ஒருவர் அதே கென் தாம்ப்சன்தான். இன்னொருவர் ராப் பைக். ஆனால் ஒரு கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'கல்யாணம்' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 8 குறி, 24 பைட். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு வழக்கமான உச்ச அளவு 255 பைட். அதாவது 85 தமிழ்க் குறிகள். தாத்தா, பாட்டி பெயரெல்லாம் சேர்த்து ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கவும்!

ஒரே நடையில் மளிகை

இப்போது வேகத்துக்கு வருவோம். பருப்பு வாங்க ஒரு நடை, புளி வாங்க ஒரு நடை, உப்பு வாங்க ஒரு நடை என்று கடைக்குப் போனால் சாமானை வாங்கும் நேரத்தைவிட நடக்கும் நேரம் அதிகம். ஷெல்லும் அப்படித்தான். ஒரு புரோகிராமைத் தொடங்குவதற்கென்று கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒருமுறைக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் 1 லட்சம் ஃபைலுக்கு 1 லட்சம் முறை தொடங்கினால், அது பெரிய நேரம்.

ஃபைல்களைத் தேடித் தரும் 'ஃபைண்ட்' கமாண்டில் 'எக்ஸெக்' என்ற வசதி உண்டு. கிடைத்த ஃபைல்களை ஒரு புரோகிராமிடம் கொடுக்கும். அந்தப் பகுதியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நடை. அரைப்புள்ளிக்குப் பதில் கூட்டல் குறி போட்டால், எத்தனை பெயர் ஒரு பையில் கொள்ளுமோ அத்தனையையும் போட்டு ஒரே நடை. மாறியது ஒரு குறிதான்.

'எல்லாவற்றையும் நட்சத்திரத்தாலேயே கொடுத்துவிடலாமே?' என்று கேட்கலாம். 1,400-க்குச் சரி. 1 லட்சம் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில், 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிடக்கூடும். ஒரு புரோகிராமிடம் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடிய பெயர்களின் மொத்த நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. லினக்ஸில் அது பொதுவாகச் சுமார் 2 எம்பி.

இந்த வரம்புக்குள் பை பையாகப் பிரித்துக் கொடுக்கவே ஒரு கமாண்ட் இருக்கிறது. 'எக்ஸ்-ஆர்க்ஸ்'. எக்ஸ், ஏ, ஆர், ஜி, எஸ் என்று தட்ட வேண்டும். 'ஃபைண்ட்' பட்டியல் போடும். பைப் வழியாக 'எக்ஸ்-ஆர்க்ஸ்' வாங்கிக்கொள்ளும். பை நிரம்பியதும் புரோகிராமிடம் கொடுத்துவிட்டு அடுத்த பையை எடுக்கும்.

இங்கேயும் 'அக்கா கல்யாணம்' தொல்லை வரும். 'எக்ஸ்-ஆர்க்ஸ்' இடைவெளியைக் கண்டால் பெயரை வெட்டிவிடும். அதனால் 'ஃபைண்ட்' பக்கம் 'பிரின்ட்' என்ற சொல்லோடு 0 சேர்த்தும், 'எக்ஸ்-ஆர்க்ஸ்' பக்கம் 'மைனஸ் 0' என்றும் போட வேண்டும். அப்போது பெயர்களுக்கு நடுவே, எந்தப் பெயரிலும் வரவே முடியாத ஒரு வெற்றுக் குறி வேலியாக நிற்கும். இந்த இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் போட்டால் பயனில்லை.

நான்கு அடுப்பு இருக்கும்போது...

பையில் போட்டுக் கொடுப்பது, ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்ன வேலை இருந்தால்தான் பெரிய லாபம். படத்தைச் சின்னதாக்குவது அப்படியல்ல. நடை குறைந்தாலும் சமையல் நேரம் குறையாது. அதற்கு வேண்டியது கூடுதல் அடுப்பு.

இன்றைய கம்ப்யூட்டரில், போனில்கூட, 4 அல்லது 8 'கோர்' இருக்கின்றன. சாதாரணமாக ஓட்டினால் ஒன்று உழைக்கும். மற்றவை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். 'எக்ஸ்-ஆர்க்ஸ்' உடன் 'மைனஸ் பி 4' என்று சேர்த்தால் நான்கு வேலை ஒரே நேரத்தில் ஓடும். இந்த 'பி' மட்டும் பெரிய எழுத்து. ஒரு படத்துக்கு 2 விநாடி என்றால் 1,400 படங்களுக்கு 46 நிமிடம் 40 விநாடி. நான்கு அடுப்பில் சுமார் 12 நிமிடம்.

ஆனால் பலர் 'பி' போட்டும் வேகம் கூடவில்லை என்று புலம்புவார்கள். காரணம் இதுதான்: 1,400 பெயர்களும் ஒரே பையில் கொண்டுவிடும். பை ஒன்று என்றால் அடுப்பும் ஒன்றுதானே எரியும்? அதனால் 'மைனஸ் என் 20' என்று கூடச் சேர்க்க வேண்டும். ஒரு பைக்கு 20 படம். 70 பைகள் ஆகும். நான்கு அடுப்பும் வேலை முடிய முடிய அடுத்த பையை எடுத்துக்கொள்ளும்.

அடுப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் இல்லை. மாவு அரைக்கிற கிரைண்டர் ஒன்றுதான் என்றால் பத்து தோசைக்கல் எதற்கு? படங்கள் மெதுவான பென்டிரைவில் இருந்தால் அதைப் படிக்கும் வேகம்தான் கிரைண்டர். முதலில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பென்டிரைவில் உள்ளது அப்படியே காப்புப் பிரதியாகவும் இருக்கும்.

ஓட்டும் முன் நான்கு பூட்டு

ஒன்று: படத்தைச் சின்னதாக்க இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் நல்லது. அதில் 'மோக்ரிஃபை' என்ற கமாண்ட் மொத்தமாகச் செய்யும். ஆனால் அது அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும். வெளியே தனி ஃபோல்டர் ஒன்றை முதலில் உருவாக்கி, 'பாத்' என்ற குறிப்பால் அதைக் காட்டுங்கள். அசல் அசலாகவே இருக்கும்.

இரண்டு: கல்யாணத்துக்கு இரண்டு கேமரா வந்திருந்தால், இரண்டிலும் ஒரே எண்ணில் படங்கள் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டருக்கு 'எம்வி' கமாண்டால் நகர்த்தினால், இரண்டாவது படம் முதல் படத்தின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். தாலி கட்டிய படம் போய் அந்த இடத்தில் சாம்பார் வாளி இருக்கும்! 'மைனஸ் என்' என்று சேர்த்தால் ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதாது. சின்னதாக்கும்போதும் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி ஃபோல்டர் வையுங்கள்.

மூன்று: 'அந்த ஃபோல்டருக்குப் போ, எல்லாவற்றையும் அழி' என்று அரைப்புள்ளியால் இணைக்காதீர்கள். ஃபோல்டரின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் போக முடியாது. ஆனால் அரைப்புள்ளிக்கு அது கவலையில்லை. நின்ற இடத்திலேயே அழித்துவிடும். கீபோர்டில் 7-க்கு மேல் இருக்கும் 'அண்ட்' குறியை இரண்டு முறை போட்டு இணையுங்கள். முதல் வேலை வெற்றி பெற்றால்தான் இரண்டாவது தொடங்கும்.

நான்கு: முதலில் 5 படங்களை மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். முழு வேலையும் முடிந்த பிறகு எண்ணுங்கள். உள்ளே போனது 1,400 என்றால் வெளியே வந்ததும் 1,400 ஆக இருக்க வேண்டும். இருந்தால் மட்டுமே பென்டிரைவைப் பற்றி யோசியுங்கள்.

பட்டியல் போடு, பார், ஓட்டு, எண்ணு. இதில் வேகமாகச் செய்ய வேண்டியது மூன்றாவது மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மற்ற மூன்றும் நம் வேலை. அவற்றுக்குச் செலவாகும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அடுத்த வாரம்: தினமும் ராத்திரி நீங்கள் தூங்கும்போது தானாகக் காப்புப் பிரதி எடுத்து வைக்கும் 'கிரான்' பற்றிப் பார்ப்போம்.